இரைச்சல் இல்லாத பகல்

ஃபேன் நின்றுவிட்டது. மூன்று றெக்கைகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கத்தான் வேண்டும், ஞானதுரை மாமா சங்கரன்கோவிலில் பஸ் ஏறியாயிற்று, ஏறினதும் போன் பண்ணினார், அந்த போனை எடுத்ததும் நான்தான், அப்பா குரலில். ‘வாரும்வே, வாரும், இன்னைக்குப் பூரா கரண்ட் கெடையாது’ என்றேன், கடைசியில் அப்பா எப்போதும் போடுகிற ‘பாத்துக்கிடும்’ என்பதையும் மறக்காமல் போட்டேன், அப்பா அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தெருவில் யாரோ ‘போச்சுடா’ என்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் வரை கோவில்பட்டியில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை, ஊருக்கு அது எழவு, எங்கள் வீட்டுக்கு மட்டும் தேர்த் திருவிழா. ரேடியோவில் சிற்றலை கேட்கிறவனுக்குக் கரண்ட்தான் முதல் சத்துரு. மிக்ஸி, செல்போன் சார்ஜர், தெருவிளக்கு, மீன்தொட்டியில் குமிழி விடுகிற மோட்டார், ஒவ்வொன்றும் ரேடியோவுக்குள் வந்து காறித் துப்பும், எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வாசிக்கிற செய்தி அத்தனை தூரம் வந்து எங்கள் தெருமுனையில் செத்து விழும். ஷட்டவுன் அன்றைக்கு மட்டும் எல்லாம் வாயை மூடும். பேட்டரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அப்பா மாடி ஏறுவார், ‘லே ஆவுடை, காதைக் கழுவிவிட்ட மாதிரி இருக்குலே, வந்து கேளு’ என்பார். என்பார் என்றால் முன்பு. இப்போது அதை நான் சொன்னால்தான் உண்டு. சொல்லிப் பார்த்தேன், மெதுவாக, தலையணைக்குள். அச்சாக வந்தது. அச்சாக வருவதுதான் அலுப்பாக இருக்கிறது.

அப்பாவுக்குப் போனது வலது கை, வலது கால், அப்புறம் பேச்சு. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு வார்த்தையோடு திரும்பி வந்தார், ‘அதான்’. தண்ணி வேணுமா, அதான். வலிக்குதா, அதான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அக்கா மாம்பழப் படத்தைக் காட்டி ‘இது என்ன சார், மா... மா...’ என்று அவர் வாயையே பார்த்தாள், அப்பா நெற்றியெல்லாம் வேர்க்க, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, ‘அதான்’ என்றார். அவள் போனதும் அந்த அக்கா மாதிரியே நான் ‘மா... மா...’ என்று செய்து காட்டினேன், அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் அப்படித்தான், யார் குரலும் என் தொண்டைக்குள் வாடகை தராமல் குடியிருக்கும். ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் ‘பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு மட்டும் வீட்டுக்குச் செல்லலாம்’ என்று அறிவித்து மொத்த வகுப்பும் கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. மினிபஸ் கண்டக்டர், ஐஸ் வண்டி, சிற்றலையில் வெளிநாட்டுக்காரி ஒருத்தி கடித்துக் கடித்துப் பேசுகிற தமிழ், ஸ்டேஷன் மாறும்போது எழுகிற விசில்கூட வரும். அப்பா குரலுக்கு மட்டும் நான் மெனக்கெடவே இல்லை, பத்தாவது படிக்கும்போது தொண்டை உடைந்து, ஒரு வருஷம் தகரம் மாதிரி கரகரத்து, கடைசியில் இறங்கின இடம் அவர் இடம். ஒரு செருமல், முடிவில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான், அப்பா ரெடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஞானதுரை மாமா போன் பண்ணினார். இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து ரேடியோ கேட்கிறவர்கள், அவர் அங்கே, இவர் இங்கே, கேட்டு முடித்ததும் போனில் அரைமணி நேரம் சண்டை, நீர் கேட்டது பிலிப்பைன்ஸ் இல்லைவே, காது குத்தின ஆசாரி யாருவே உமக்கு, என்று. அம்மா போனை எடுத்து, ‘அண்ணே, அவுகளுக்கு...’ என்று ஆரம்பித்தாள், அப்பா இடது கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள், அந்தப் பக்கம் மாமா ‘அலோ, அலோ’ என்கிறார், நான் வாங்கி, செருமி, ‘சொல்லும்வே, என்ன சங்கதி’ என்றேன். சும்மா விளையாட்டுக்குத்தான். அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் போகிற சிரிப்பு, ஆனால் சிரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ‘இன்னும் பேசுலே, இன்னும் பேசு’ என்று கையைக் காட்டினாள். பேசினேன். அன்றைக்குப் பேசியது இன்னும் முடியவில்லை.

எழுந்தேன். எதிர்வீட்டு இன்வெர்ட்டர் ஓடுகிறது, ரேடியோவை லேசாகத் திருகினாலே தெரிகிறது, ஈ மொய்க்கிற மாதிரி ஒரு ர்ர்ர். ஊரே அடங்கினாலும் அந்த வீடு அடங்காது. காம்பவுண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டு கரண்ட் ஆபீஸ்காரர் குரலை எடுத்தேன், ‘எம்மா, லைன்ல ஆளு ஏறியிருக்கான், இன்வெர்ட்டர அமத்துங்க, கரண்ட் ரிட்டர்ன் அடிச்சிச்சின்னா நீங்கதான் பதில் சொல்லணும்’. உள்ளேயிருந்து ‘இந்தா அமத்துதேன் சார்’ என்று ஓடுகிற சத்தம். ர்ர்ர் நின்றது. பழைய ஆவுடையப்பனாக இருந்தால் இதற்கு அரைமணி நேரம் சிரித்திருப்பான், உருண்டிருப்பான், பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பான். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுவர் இந்நேரமே சுடுகிறது. சிரிக்கப் பார்த்தால் முதலில் யார் சிரிப்பு வரும் என்று தெரியவில்லை. போன வாரம் பிராக்டிக்கல் பரீட்சையில் வெளியிலிருந்து வந்த சார் பேர் கேட்டார், நான் செருமினேன், அப்பா செருமல், ‘ஆவுடையப்பன், பாத்துக்கிடுங்க’ என்றேன், பின்னால் இருந்தவன்கள் கூத்தடித்தான்கள், நான் வேண்டுமென்று செய்ததாக. வேண்டுமென்று செய்யவில்லை. அதைச் சொன்னால் யார் நம்புவான். அப்புறம் அந்தக் காபி. ஒரு சாயங்காலம் மாமாவோடு போனில் பேசி முடித்து, குரலை இறக்கி வைக்காமல், சும்மா வாய்க்கு வந்தபடி ‘செம்பகம், ஒரு காபி’ என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா ‘இந்தா வாரேன்’ என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை, அந்தக் குரலில், அந்த வேகத்தில், எத்தனையோ வருஷமாகச் சொல்கிற மாதிரி. டம்ளரோடு வாசல்நடை வரை வந்து, கட்டிலையும் என்னையும் பார்த்து, அப்படியே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது ஆறி, ஆடை கட்டி, யாரும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு போனைத் தவிர வேறெங்கும் அந்தக் குரலை எடுப்பதில்லை. எடுப்பதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில் பேசுகிறேனாம்.

‘ஏலே, அவுகளை மேல ஏத்தணும், அங்க என்ன சுவருக்குக் காவலா இருக்க’ என்று அம்மா கூப்பிட்டாள். படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, அம்மா முன்னால், நான் பின்னால், அப்பாவை மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குக் கொண்டு சேர்த்தோம். அவர் முதுகு என் நெஞ்சில் மோதும்போது எலும்பு தெரிந்தது. இந்த உடம்புக்குள் இருந்த குரலா என்னிடம் இருக்கிறது, இது இளைக்க இளைக்க அது கொழுக்கிறதா. சீ, என்ன யோசனை இது. ஆனால் மாமாவே சொன்னாரே. மாமாவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது, பேங்கில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், அலோ சொல்வதற்கு முன்னால் மூச்சு விடுகிறதை வைத்தே ஆள் யார் என்று கண்டுபிடிப்பாராம், அப்பேர்ப்பட்ட காதை நான் ஏமாற்றினேன் என்று முதல் மாதம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார், ‘ஓய் கோமதிநாயகம், ஒம்ம குரலு முன்னைக்கு இப்ப நல்லா இருக்குவே, அந்தச் சளி கட்டின சத்தம்லாம் போயி, இளவட்டம் மாதிரி பேசுதேரு’. அப்பா சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எப்போதுமே சிரிக்கவில்லை. நான் பேசுகிறேன், மாமா சிரிக்கிறார், அப்பா சுவரைப் பார்க்கிறார், அம்மா அரிசி பொறுக்குகிறாள். நிறுத்தியிருக்கலாம். அதற்குள் என் தொண்டையில் இருந்த ஆள் முந்திக்கொண்டான். மாமா, ‘அடுத்த ஷட்டவுனுக்கு அங்க வந்து ஒம்மகூட உக்காந்து கேக்கணும்வே’ என்றார், நான், நானா, அவனா, ‘வாரும், அதுக்கென்ன, கறிக்கொழம்பு வச்சிருவோம்’ என்றேன். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கித் தட்டினார். போனை வைத்த பிறகு அம்மா கேட்டாள், ‘வந்ததும் உள்ளதைச் சொல்லிருவோமா’. அப்பா தலையை ஆட்டினார், கூடாது. ‘பின்ன என்ன செய்யச் சொல்லுதிய, வராண்டாம்னு சொல்லட்டா’. கூடாது. ‘வரவும் செய்யணும், தெரியவும் கூடாதா’. அப்பா ‘அதான்’ என்றார்.

ஆட்டோ வந்த சத்தம். அம்மா கீழே போய்க் கூட்டி வருகிறாள், ‘மெதுவா வாங்கண்ணே, இன்னும் ஒரு படி’. வெயில் தகரத்தில் உட்கார்ந்திருக்கிறது, கொட்டகைக்குள் மூச்சே கொதிக்கிறது, ஆனால் ரேடியோ, ஐயோ, எவ்வளவு சுத்தம், பதினாறு மீட்டர் அலைவரிசைப் பக்கம் முள்ளை நகர்த்தினால் இருட்டுக்கிணறு மாதிரி ஒரு அமைதி, அதன் அடியில் ஒரு பெண் குரல் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது. எனக்குக் கையைப் பற்றிய பயம். குரல் செய்யலாம், கை செய்ய முடியாது. மாமா வந்ததும் கையைப் பிடிப்பார், என் கையைப் பிடித்தால் கதை கந்தல். அதனால் அப்பாவை நாற்காலியில் வைத்து, நான் பின்னால் குனிந்து, அவர் தோளுக்கு மேல் என் வாயை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவருடைய காது என் கன்னத்தில் படுகிறது. ‘வந்தேரா’ என்றேன். ‘வந்தேன்வே வந்தேன், என்னவே இது, ஊரா உலையா’ என்று மாமா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார், அப்பா இடது கையைக் கொடுத்தார். ‘என்ன பீச்சாங்கையத் தாரேரு’. ‘வலது கை சுளுக்கிக்கிட்டுவே, பாத்துக்கிடும்’ என்றேன். ‘பையன எங்க, அந்தக் கொரங்குப்பய’. ‘டியூசனுக்குப் போயிருக்கான்’ என்றேன், என்னைப் பற்றி. அப்பா கை, என் குரல், இரண்டும் சேர்ந்து ஒரு ஆள் ஆனது, அந்த ஆள் மாமாவோடு நன்றாகப் பேசினான், மழையைத் திட்டினான், மூடிப்போன ஸ்டேஷன்களுக்கு வருத்தப்பட்டான், மாமா அவன் தொடையில் தட்டிச் சிரித்தார், தட்டியது மரத்துப்போன தொடை, அவனுக்கு உறைக்காது. மாமா அந்தக் கையை விடவே இல்லை. அப்பாவும் எடுக்கவில்லை. அம்மா மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். குனிந்து குனிந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. முதுகில் வேர்வை ஒரு எறும்பு மாதிரி இறங்குகிறது, சொறிய முடியாது, அசைந்தால் நாற்காலி கிரீச் என்னும். ‘பேசாம இரும்வே, இந்தா, பிடிச்சிட்டேன்’ என்று மாமா ரேடியோப் பக்கம் சாய்ந்தார். கிணற்றுக்குள்ளிருந்து அந்தப் பெண் மேலே வருகிறாள், தெரியாத பாஷை, ஒவ்வொரு வாக்கியத்தையும் மாடிப்படி இறங்குகிற மாதிரி முடிக்கிறாள், போகிறாள், வருகிறாள். ‘இவளை நான் இத்தனை வருசத்துல கேட்டதில்ல’ என்றார் மாமா, கிசுகிசுப்பாக, கோவிலில் பேசுகிற மாதிரி. ‘நீரு கேட்டிருக்கேரா’. இல்லை என்று நான் சொல்ல, ‘அப்ப மணி அடிக்கிற வரைக்கும் மூச்சு விடாதயும், ஸ்டேசன் பேரச் சொல்லுவா’ என்றார். சிற்றலையில் அதுதான் எல்லாம். மணிக்கு ஒரு தடவை தங்கள் பேரைச் சொல்வார்கள், அதைத் தவறவிட்டால் கேட்டது அத்தனையும் வீண், யாரைக் கேட்டோம் என்றே தெரியாமல் போகும்.

காத்திருந்தோம். நல்லது, பேச வேண்டியதில்லை, இப்படியே சாயங்காலம் வரை இவள் பேர் சொல்லாமல் இழுத்துக்கொண்டு போனால் நன்றாயிருக்கும், அப்புறம் மாமா பஸ் ஏறிவிடுவார், அப்புறம் நாளைக்குப் போன் பண்ணுவார், நாளன்றைக்கும் பண்ணுவார், நான் காலேஜ் போனாலும் பண்ணுவார், அப்பா, அப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டாலும் பண்ணுவார், அன்றைக்கும் நான் செருமிக்கொண்டு சொல்லும்வே என்பேனா, நின்றுவிடு, அதை யோசிக்காதே, அவள் குரலைக் கேள், மாடிப்படி, மாடிப்படி. அப்போது என் கன்னத்தின் கீழே ஏதோ அசைந்தது. அப்பாவின் தாடை. அவர் மாமாவைப் பார்க்கிறார். ரேடியோவை இல்லை, மாமா முகத்தை, தலையைச் சாய்த்து அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த முகத்தை. கழுத்து நரம்பு புடைக்கிறது, மாம்பழப் படத்துக்குப் புடைத்த மாதிரி, உதடு ஒரு பக்கம் கோணுகிறது, அதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது அது இல்லை. ‘ஞ்ஞா’. ஈரமாக, நீளமாக, மூக்கால். இன்னொரு தடவை, ‘ஞ்ஞா... ஞா...’ எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ஞானதுரை. பேரின் முதல் எழுத்து. அத்தனை எழுத்து இருக்க, எவனுக்கும் நாக்கு புரளாத எழுத்தில் போய் முதல் வார்த்தையைத் தொடங்குகிறார் இந்த மனுஷன்.

மாமா புருவத்தைத் தூக்கினார். ‘என்னவே, பூனை வளக்கேரா’ என்றார். ‘சத்தம் ஒம்ம மடியிலேருந்துல்லா வருது’. அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. என் தொண்டையில் எல்லாம் தயாராக இருந்தது, செருமல்கூட ஏறிவிட்டது, ஆமாவே, பூனைதான், பக்கத்து வீட்டுச் சனியன், வெயிலுக்கு இங்க வந்து படுத்துக்கிடுது, பாத்துக்கிடும். இதைவிடப் பொருத்தமான பதில் என் ஆயுசுக்கும் அமையாது. மாமா சிரிப்பார், நம்புவார், பூனையைத் தடவக் கையைக்கூட நீட்டுவார். வேண்டுமானால் ஒரு மியாவ் கூடப் போடுவேன், எனக்கா வராது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அந்தக் கண்ணில் ‘வேண்டாம்’ இருக்கிறதா, ‘சொல்’ இருக்கிறதா என்று படித்திருக்கலாம், அவர் மாமாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், மறுபடியும் தாடையை இழுத்து, மறுபடியும், ‘ஞா’. வேர்வை அவர் காதோரம் இறங்கி என் கன்னத்தில் ஒட்டியது. நான் நிமிர்ந்தேன். இடுப்பு கடகட என்றது. அவர் தோளை விட்டு விலகி முன்னால் வந்து நின்றேன், வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாமல்தான் திறந்தேன், ஏதோ ஒன்று வந்தது, மெலிசாக, பாதியில் உடைந்து, கேட்கச் சகிக்காமல். ‘மாமா, பூனை இல்ல. அது அப்பா.’

‘தம்பியா, நீ எப்பலே வந்த’ என்றார் மாமா.

‘இங்கனதான் இருந்தேன். இவ்வளவு நேரம் பேசினது நான். போன்ல பேசுனதும் நான்தான், இத்தனை மாசமும். அப்பாவுக்குப் பேச்சு வரல மாமா, ஒரு பக்கம் விழுந்துபோச்சு. ஒங்க பேரைத்தான் சொல்லப் பாக்காவ.’

மாமா தன் கையில் இருந்த அந்தக் கையை ஒவ்வொரு விரலாகத் தடவினார், அப்புறம் மடியைத் தாண்டித் துழாவி, செத்துக் கிடந்த வலது கையைத் தேடிப் பிடித்தார், தூக்கிப் பார்த்தார், விட்டார், அது விழுந்தது. என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. ரேடியோவில் மணி விழத் தொடங்கியது, டொய்ங், டொய்ங், அத்தனை தெளிவாக, பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரி, கடைசி மணி முடிந்து அவள் மூச்சை இழுத்துப் பேரைச் சொல்ல வாயெடுத்தாள். மாமா கையை நீட்டி, ரேடியோவின் முகத்தைத் தடவி, குமிழைக் கண்டுபிடித்து அணைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தலையைக் குனிந்து காதை அப்பாவின் வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டு போனார்.

‘சொல்லும்வே’ என்றார். ‘மெதுவாச் சொல்லும். கேக்குதேன்.’